கொள்கைப் பயிற்சியின் வாசலில் மொழி

தொழில்நுட்பக் கொள்கைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தமிழ்வழி ஆய்வு மாணவர் பெரும்பாலும் தயங்கி நிற்பது, ‘நோக்க உரை’ என்ற ஓரிரு பக்க ஆங்கிலக் கட்டுரையின் முன்தான். சட்டமும் பொறியியலும் கற்றவர்க்கே இத்துறை உரியது என்ற எண்ணமும் அவரைப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டு தயக்கங்களுக்கும் அடிப்படை வலுவானதன்று.

இத்துறையில் பெங்களூருவுக்குத் தனியிடம் உண்டு. இணையத்தையும் சமூகத்தையும் ஆராயும் சிஐஎஸ் மையம் 2008இலும், பொதுக் கொள்கைச் சான்றிதழ்ப் படிப்பு நடத்தும் தக்ஷசீலா நிறுவனம் 2009இலும் இங்கே தோன்றின. ஆதாரை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றம் சென்ற ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி இந்நகரில் வாழ்ந்தவர். அவ்வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அச்சட்டத்தின் ஒரு விதி கவனத்திற்குரியது. தரவைத் திரட்ட ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்கிறது அது. ‘ஒப்புதல்’, ‘இசைவு’, ‘சம்மதம்’ ஆகியவற்றுள் எச்சொல் ஒரு மூதாட்டிக்கு விளங்கும்? மறுத்தாலும் சேவை கிடைக்குமா என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? இவற்றை ஆராய்ந்து அரசிடம் வாதிட வல்லவர் தமிழறிந்த ஆய்வாளரே. பயிற்சிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன.

கர்நாடகம் 2025இல் இயற்றிய செயலிவழித் தொழிலாளர் நலச் சட்டம் மற்றொரு சான்று. காரணம் கூறாமல் கணக்கு முடக்கப்படுகிறது என்பது ஓட்டுநர்களும் உணவு விநியோகிப்போரும் நெடுநாளாகக் கூறிவந்த குறை. ஒருவரைப் பணியிலிருந்து நீக்குமுன் எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தேவை என்று இன்று சட்டமே கூறுகிறது. அக்குறை முதலில் பேசப்பட்டது கருத்தரங்குகளில் அன்று, தெருவில். அங்கே புழங்கிய மொழிகளில்.

ஆகவே, விண்ணப்பிப்போர் ‘தொழில்நுட்பம் சமூகத்தை மாற்றுகிறது’ போன்ற பொதுவாக்கியங்களைத் தவிர்ப்பது நன்று. ரேஷன் கடையில் கைரேகை பொருந்தாத முதியவரை நேரில் கண்டவர் அதையே எழுதலாம். பாதிப்பு யாருக்கு, எந்த விதியால், அதை மாற்றும் அதிகாரம் எந்த அலுவலகத்திடம், கோரும் மாற்றம் என்ன என்ற நான்கிற்கும் விடையளிக்கும் உரை, மொழிநடை எளிதாயினும் வலுவுடையது.

நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நோக்க உரையை இந்திய மொழிகளிலும் ஏற்க வேண்டும். சட்ட வரைவுகள் ஆங்கிலத்தில் வருவதால் அம்மொழி தேவை என்பது உண்மையே. அதனைப் பயிற்சிக்குள் கற்பிக்கலாம். களத்தில் பெற்ற அறிவை எந்த வகுப்பறையும் சில வாரங்களில் தந்துவிட இயலாது. ஒப்புதல் கோரும் அறிவிப்புக்குச் சட்டம் அளித்த மொழியுரிமையை, அச்சட்டத்தைக் கற்க வருவோருக்கும் அளிப்பதே முறை.