றபானுக்கு விலை சொல்லத் தெரியாதா நமக்கு?



ஒலுவிலில் ஒரு றபானை ஆயிரம் ரூபாவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். நோன்பு காலத்தில் ஸஹருக்குத் தெருத்தெருவாக பைத் படித்து எங்களை எழுப்பிய பாவா ஒருவருடையது. அவர் மௌத்தான பிறகு வீட்டில் சும்மா கிடந்தது. பழைய சாமான் எடுக்க வந்தவர் கிழிந்த தோலைக் காட்டிக் காட்டியே விலையை இறக்கினார். பக்கத்தில் நின்ற நாங்களும் வாய் திறக்கவில்லை.

றபானில் தோல் தேய்கிற பொருள். புதிய ஆட்டுத்தோல் போர்த்தலாம். பார்க்க வேண்டியது மரவளையத்தை: வெடிப்பு உண்டா, வட்டம் கோணியிருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா? வளையம் நல்லா இருந்தால் றபானுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. வாங்கினவருக்கு இது தெரியும். விற்ற உம்மாவுக்குத் தெரியாது. சந்தை விலை தெரியாமல் சரக்கோடு வருபவர்களை வழியிலேயே மறித்து வாங்குவதை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வீட்டு வாசலில் வைத்து வாங்கினால் மட்டும் அது சரியாகிவிடுமா?

"ஹராமான சாமான், போனால் போகட்டும்" என்கிறார்கள் சிலர். பெருநாளன்று ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் சிறுமிகள் தப் அடித்த செய்தி புகாரியில் இருக்கிறது. சரி, ஹராம் என்றே வைத்துக்கொள்வோம். அதை விற்ற காசு மட்டும் எப்படி ஹலாலானது?

விற்கத்தான் வேண்டுமென்றால், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வருகிற பாவாமாரிடம் முதலில் விலை கேளுங்கள். அடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.