"ரெண்டு பெக்தானே மச்சான்!"

டிசம்பர் 31 இரவு. சிட்னியின் வென்ட்வொர்த்வில்லிலோ மெல்பர்னின் டாண்டினாங்கிலோ ஒரு வீட்டுப் பின்முற்றம். பார்பிக்யூ அடுப்பில் கோழி வேகிறது, மேசையில் மிக்சர் தட்டு காலியாகிறது. கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: "ஓட்டிருவியா?" பதில் தயாராக இருக்கும். "ரெண்டு பெக்தானே மச்சான். என் அளவு எனக்குத் தெரியாதா?"

அளவறிந்து குடிப்பவரால் ஆபத்தில்லை, பண்டிகை இரவுகளில் போலீஸ் மறித்து ஊதச் சொல்வது வசூலுக்காக, உயிர்ப்பலிக்குக் காரணம் தலைகால் தெரியாமல் குடிக்கும் வேறு யாரோ: இந்தப் பேச்சு ஆஸ்திரேலியாவில் தமிழர் வீடுகளில் மட்டும் கேட்பதல்ல. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இழை இழையாகப் பிரித்தால் ஒன்றும் தேறுவதில்லை.

முதலில் அந்த 'ரெண்டு'. ஆண்கள் முதல் மணி நேரத்தில் இரண்டு, அப்புறம் மணிக்கு ஒன்று என்று ஒரு காலத்தில் இங்கே அரசு விளம்பரங்களே கணக்குச் சொல்லிக்கொடுத்தன. அந்தக் கணக்கில் 'ஒன்று' என்றால் 10 கிராம் ஆல்கஹால். அதைத்தான் ஆஸ்திரேலியா 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்கிறது; விஸ்கியில் அது 30 மில்லி. நம்மவர் ஊற்றும் பெரிய பெக் 60 மில்லி. ஆக, நம் ரெண்டு அவர்கள் கணக்கில் ஏறக்குறைய நான்கு. அதுவும் அளந்து ஊற்றினால்தான். பண்டிகை நாளில் அத்திம்பேரோ மாமாவோ பாட்டிலைச் சாய்க்கும்போது யார் அளக்கிறார்கள்? பியரிலும் இதே கதை. சிட்னி பப்பில் வரும் 425 மில்லி ஸ்கூனர் ஒன்று சுமார் 1.6 ஸ்டாண்டர்ட் டிரிங்க். மெல்பர்னின் 285 மில்லி 'பாட்' சுமார் 1.1. உடல் எடை, வெறும் வயிறு, தின்ற மருந்து எல்லாம் சேர்ந்து அதே அளவை ஆளுக்கு ஆள் வேறாக்கும். ஓட்டுவதென்றால் குடிக்கவே வேண்டாம் என்றுதான் இன்று அரசுத் தரப்பு சொல்கிறது.

"நான் நிதானமாத்தான் இருக்கேன்" என்பது அடுத்தது. சொல்பவர் பொய் சொல்வதில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். கால் தள்ளாடுவதற்கு வெகு முன்பே மது மழுங்கடிப்பது, தன்னைத் தானே எடைபோடும் புத்தியை. அதே புத்தியிடம் போய் "நான் ஓட்டலாமா?" என்று கேட்டால் அது வேறென்ன சொல்லும்? நியூ சவுத் வேல்ஸ் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில், 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால் இருந்தால் விபத்து வாய்ப்பு இரண்டு மடங்கு, 0.08 என்றால் ஏழு மடங்கு, 0.15 என்றால் இருபத்தைந்து மடங்கு. சட்டம் கோடு கிழித்திருக்கும் 0.05-இலேயே ஆபத்து இரட்டிப்பாகிவிடுகிறது. இந்தியச் சட்டத்தின் வரம்போ 0.03. ஊரில் ஊதச் சொல்ல ஆள் அதிகமில்லை என்பதால் அது பலருக்கு நினைவில் இல்லை.

வசூல் என்ற குற்றச்சாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சந்தேகம் எதுவும் இல்லாமலே எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையை விக்டோரியா 1976-இல் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் அதைக் கொண்டுவந்த நாள் 1982 டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்குச் சரியாக எட்டு நாள் முன்பு. அந்த ஆண்டு அம்மாநிலச் சாலைகளில் இறந்தவர்கள் 1,253 பேர். அடுத்த ஆண்டு 966. வாகனத்தின் தரமும் சீட் பெல்ட்டும்தான் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. நீண்டகாலச் சரிவில் அவற்றுக்குப் பங்கிருப்பது உண்மைதான். ஆனால் சீட் பெல்ட் அங்கே 1971-இலேயே கட்டாயமாகிவிட்டது. ஒரே ஆண்டில் கார்களும் மாறிவிடவில்லை. மாறியது, எந்தத் திருப்பத்திலும் ஊதச் சொல்வார்கள் என்ற எண்ணம் ஒன்றுதான். குடிக்காதவர் ஊதிவிட்டு ஒரு நிமிடத்தில் போய்விடுகிறார், அவரிடம் ஒரு காசு வாங்குவதில்லை. இதுவா வசூல்? மாட்டிக்கொள்பவருக்கு அபராதத்தைவிட லைசென்ஸ் போவதுதான் பெரிய அடி. நியூ சவுத் வேல்ஸில் 2019 மே முதல், முதல்முறை 0.05-ஐத் தாண்டினாலே அந்த இடத்திலேயே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் முடக்கம். விக்டோரியாவில் 2018 முதல் லைசென்ஸ் ரத்தாவதோடு, திரும்பக் கிடைத்த பின்னும் ஊதினால்தான் கிளம்பும் பூட்டுக் கருவியைக் காரில் பொருத்த வேண்டும்.

"என் உயிர், என் பாடு" என்பவர்களும் உண்டு. அவர்கள் 2020 பிப்ரவரி 1-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அது பண்டிகையல்ல, சாதாரண சனிக்கிழமை. நள்ளிரவுமல்ல, மாலை எட்டு மணி வாக்கில். மேற்கு சிட்னியின் ஓட்லண்ட்ஸில் ஐஸ்கிரீம் வாங்க ஏழு பிள்ளைகள் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். 50 கிலோமீட்டர் வேகச் சாலையில் 130-ஐத் தாண்டி வந்த வண்டி நடைபாதை மேலேறியது. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். மூவர் ஒரே வீட்டுக் குழந்தைகள், ஒருத்தி அவர்கள் உறவுக்காரச் சிறுமி. ஓட்டியவரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.15. போதைப்பொருளும் கலந்திருந்தது. 28 ஆண்டு என்று விதித்த தண்டனை மேல்முறையீட்டில் 20 ஆனது. "அவன் கதை வேறு, நான் அவ்வளவு குடிப்பதில்லை" என்று சொல்லத் தோன்றும். அந்தப் பிள்ளைகள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

டாக்சி கிடைக்காது என்ற சாக்கைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. புத்தாண்டு இரவில் மெல்பர்னில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ரயிலும் டிராமும் இலவசமாகவே ஓடுகின்றன. சிட்னியிலும் விடிய விடிய ரயில் உண்டு.

மிச்சம் இருப்பது நம் வீட்டுக் கைவைத்தியம்: மோர், கட்டங்காப்பி, ஒரு குளியல், இரண்டு மணி நேரத் தூக்கம். காப்பி தூக்கத்தைக் கலைக்கும், ஆல்கஹாலைக் கரைக்காது. வயிறு நிறையச் சாப்பிட்டால் போதை மெதுவாக ஏறும். வண்டியை எடுத்த பிறகு உச்சத்துக்குப் போனாலும் போகும். கரைக்கும் வேலை ஈரலுடையது. அது மணிக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்ற கணக்கில்தான் நகரும், அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் ஆறு பெரிய பெக் போட்டவருக்கு, உள்ளே போனது பதினொன்றுக்கும் மேல். அது முழுக்க இறங்க மறுநாள் காலை எட்டு மணியாவது ஆகும். ஆனால் அன்று ஜனவரி 1. ஆறரைக்கெல்லாம் அவர் தலை குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சிட்னியென்றால் மேஸ் ஹில் முருகன் கோவிலுக்கு, மெல்பர்னென்றால் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்குக் காரை எடுத்திருப்பார். பின்சீட்டில் பட்டுப்பாவாடையோடு மகள், பக்கத்தில் அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்தபடி அவள் பாட்டி.