கிண்ணத்தில் திரண்ட ஏடு

நோயாளியின் கையில் குருதி நாளத்தைக் கீறி, வடியும் குருதியைக் கிண்ணத்தில் பிடிப்பது ஐரோப்பிய மருத்துவத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பாதிவரை அன்றாட வழக்கம். பிடித்ததை ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாய் மூச்சுக்குத் தவிப்பவரின் குருதியென்றால், சிவப்பு விரைந்து அடியில் இறங்கிவிட, மேலே வெளிறிய ஏடு ஒன்று திரளும். அதைக் கண்டதும் நோய் முற்றியிருக்கிறது, இன்னும் குருதி எடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். கண்டது மெய்; அதற்குக் கொண்ட பொருள்தான் பிழை. ஏற்கெனவே தளர்ந்திருந்த எத்தனை உடல்களை அந்தப் பிழை மேலும் தளர்த்தியதோ!

பிறகு மருத்துவத்தின் கவனம் மூச்சின் பக்கம் திரும்பியது. 1816-இல் பாரிஸில் மருத்துவர் லென்னெக் சுருட்டிய தாளை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. 1846-இல் லண்டனில் மருத்துவர் ஹட்சின்சன், 2,000-க்கும் மேற்பட்டோரை ஊதச் சொல்லி, அவர்கள் வெளிவிட்ட காற்றை அளந்த முடிவுகளை, அதை அளக்கும் கருவியான ஸ்பைரோமீட்டரோடு உலகுக்குத் தந்தார். கிண்ணம் மறக்கப்பட்டது. 1921-இல் சுவீடனின் மருத்துவர் ஃபோரேயஸ், சிவப்பணுக்கள் படியும் வேகத்தை விரிவாக ஆராய்ந்தபோதுதான் அந்தப் பழைய ஏடு மீண்டும் நினைவுக்கு வந்தது. அழற்சி மிகும்போது கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டி விரைந்து இறங்குகின்றன. இன்றும் நம் ஆய்வகங்கள் ‘இ.எஸ்.ஆர்.’ என்று எழுதித் தருவது இந்த வேகத்தைத்தான்.

அதே ஃபைப்ரினோஜனை 2015-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான குறியீடாக ஏற்றது. நோய் திடீரென முற்றவும் உயிர் போகவும் வாய்ப்பு மிகுந்தவர்களை மருந்து ஆய்வுகளுக்குத் தெரிந்தெடுக்க அது உதவும் என்பதே அந்த ஏற்பின் பொருள். கிண்ணத்தைக் குனிந்து பார்த்தவர்கள் முட்டாள்கள் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சறுக்கிய இடம் நம் காலடியிலும் இருக்கிறது. தொற்று வந்தாலும் புகை பிடித்தாலும் இந்தப் புரதம் ஏறும், மூட்டுவாதத்திலும் ஏறும். கூட்டத்தில் யாருக்கு ஆபத்து மிகுதி என்று சொல்லக்கூடிய எண், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சுக்குழல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சொல்லிவிடாது. அடையாளத்தையே நோயென்று கொண்ட பழைய அவசரத்துக்கும் நாம்தான் வாரிசுகள்.

பீடியைத் தொட்டே அறியாமல், விறகடுப்புப் புகையில் ஆயுளைக் கழித்த பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. வருகிறது. அவர்கள் இருமலை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் அம்மாவோ பெரியம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால், ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். ஸ்பைரோமீட்டரில் ஒருமுறை ஊதிப் பார்க்கச் செய்யுங்கள்.