வாசல் திறந்தது, வழிகாட்ட யார்?

பீடி சுற்றும் தாயின் மகன் பி.ஏ. ஆகிவிட்டான்! தறி நெய்பவரின் மகள் பி.எஸ்சி. பட்டம் பெற்றுவிட்டாள்! தெருவே திரண்டு வந்து பார்க்கிறது. தந்தை, ஆலை வாசலிலே நின்று தோழர்களுக்கெல்லாம் மிட்டாய் வழங்குகிறார். மகிழ்கிறோம். மகிழாமல் இருப்போமா? "உனக்கேன் படிப்பு, உன் அப்பன் தொழில் போதாதா?" என்று கேட்ட நாடல்லவா இது! 1953இல், பள்ளியிலே பாதி நேரம், பரம்பரைத் தொழிலிலே பாதி நேரம் என்று திட்டமே தீட்டினார்களே! மக்கள் கொதித்தெழுந்தனர், 1954இல் அந்தத் திட்டம் மடிந்தது. மடிந்ததால்தான் இன்று இந்த மிட்டாய்.

பட்டம் வந்துவிட்டது. அடுத்தது என்ன? பாங்கு உத்தியோகம் என்பார் மாமா. சர்க்கார் தேர்வு எழுது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போ என்பார் சித்தப்பா. அந்தப் பெண்ணோ, "எனக்குப் பின்னால் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்குத் துணை நிற்கும் பணிக்குப் போகிறேன்" என்கிறாள். உடனே எழும் கேள்வி — "அதெல்லாம் ஒரு வேலையா?"

வேலைதான், தோழர்களே! அறிவும் பயிற்சியும் பொறுமையும் கேட்கிற வேலை. அந்த வேலைக்கு ஆள் இல்லாததால் பாதிவழியில் திரும்பி வந்த பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கக் கூடும், எண்ணிப் பாருங்கள்.

படித்த குடும்பத்துப் பிள்ளை கல்லூரிக்குள் நுழைகிறான். எந்தப் பாடம் எடுப்பது, எந்த விண்ணப்பத்தை எப்போது கொடுப்பது, பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது, ஒரு பாடத்தில் தவறிவிட்டால் மறுபடி எழுதுவது எப்படி — அத்தனையும் வீட்டுக் கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவன். தெரியாவிட்டால் அப்பாவைக் கேட்பான்; அண்ணனைக் கேட்பான். நம் பிள்ளை யாரைக் கேட்பான்? சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். உதவித்தொகை வர வங்கிக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பெயரிலே ஓரெழுத்து மாறினாலும் பணம் நின்றுபோகும். அலுவலகச் சன்னலில் போய் நின்றால், "நாளைக்கு வா!" நாளை போனால், "கடைசித் தேதி நேற்றே முடிந்ததே!" அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து கைகட்டி நிற்பார், அவருக்கும் புரியாது. பாடம் புரியாமல் படிப்பை விட்டவனைவிட, பாரம் புரியாமல் விட்டவன் பரிதாபத்துக்குரியவன் அல்லவா!

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா? செய்திருக்கிறது, மறுப்பார் யார்? 2010இல், தொழிற்கல்வி பயில வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2020இல், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021இல் அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022இல் தொடங்கிற்று, ஆண்களுக்கு 2024இல். பலன்? 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையைப் புரட்டுங்கள். நாடு முழுமைக்கும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டிலே 47!

ஆனால் அது சேர்ந்தவர்களின் கணக்கு. உள்ளே வந்தவனின் கையைப் பிடித்துக் கடைசிப் படி வரை ஏற்றுவது வேறு காரியம். அதற்குப் பணம் மட்டும் போதாது, ஆள் வேண்டும்.

இது நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. நூறாண்டுக்கு முன்பு, சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர் தங்க இடமின்றி, சாப்பிட வழியின்றித் தவித்தபோது, டாக்டர் நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். மருத்துவர் அவர், நோயின் வேரைக் கண்டார். அந்த இல்லத்தில் தங்கிப் படித்தவர்தான் ஆர்.கே. சண்முகம் செட்டியார் — பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர்! ஒரு கட்டிலும் ஒரு வேளைச் சோறும் "தம்பி, எப்படி இருக்கிறாய்?" என்ற விசாரிப்பும் எவ்வளவு தூரம் கொண்டு செலுத்துகின்றன, பார்த்தீர்களா!

அந்த விசாரிப்பைத்தான் உத்தியோகமாக்கச் சொல்கிறோம். விடுதிக் காப்பாளர், கல்லூரி ஆலோசகர், உதவித்தொகைப் பிரிவு அலுவலர், வேலைவாய்ப்பு வழிகாட்டி — பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அதற்குப் பொருத்தமானவர் யார்? அந்தச் சன்னலில் நின்று, "நாளைக்கு வா" என்பதைக் கேட்டுக் கேட்டு, விடாமல் நின்று பட்டம் வாங்கியவர் அல்லவா! பிள்ளை வாய் திறக்குமுன்பே, வயிற்றிலே பசியா, வீட்டிலே கடனா, வகுப்பிலே ஏளனமா என்று முகம் பார்த்து அறிவார்.

அனுபவம் மட்டும் போதும் என்று சொல்லமாட்டோம். கண்ணீர் விட்டவரெல்லாம் கண் வைத்தியர் ஆகிவிட முடியுமா? படிக்க வேண்டும். சமூகப்பணி முதுகலைப் படிப்பு இருக்கிறது. 1952இல் சென்னையில் அதற்கென்றே கல்லூரி தோன்றியது. இன்று பல ஊர்களில் கற்பிக்கிறார்கள். உளவியல் இருக்கிறது. படிக்கும்போதே நாட்டு நலப்பணித் திட்டத்திலும் விடுதிக் குழுவிலும் சேர்ந்து, இளைய மாணவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துப் பழகலாம். எந்த ஆணை எந்தச் சலுகையைத் தருகிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பவனை எந்த அதிகாரியும் ஏய்க்க முடியாது.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். முதல் பட்டதாரி என்றால் வீட்டின் முதல் நம்பிக்கை. அவன் தலைமேல் தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், அம்மாவின் மருந்து, அடகிலே மூழ்கப்போகும் நகை! அவனைப் பார்த்து, "இது புனிதமான சேவை, தம்பி, சம்பளத்தைப் பார்க்காதே" என்று சொல்லும் நிர்வாகிகள் உண்டு. சேவையாம்! தாளாளர் கார் வாங்கும்போது சேவை எங்கே போயிற்று? தொகுப்பூதியம், பதினோரு மாத ஒப்பந்தம், அதற்குப்பின் வீட்டுக்குப் போ — இதுவா மாணவர் நலம்? நாளை தனக்கே வேலை இருக்குமா என்று அஞ்சுகிறவர், அஞ்சி வருகிற பிள்ளைக்கு எப்படித் தைரியம் சொல்வார்? தியாகம் செய் என்று அந்த இளைஞனிடம் நாம் சொல்லவில்லை. அவனுக்கு நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் கொடு என்று நிர்வாகத்திடம் சொல்கிறோம். ஆலைத் தொழிலாளிக்குக் கேட்டதையே இவனுக்கும் கேட்கிறோம்.

கேட்க ஆதாரம் உண்டா? உண்டு. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும், தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. மாணவர் தற்கொலைகளைக் கண்டு மனம் பதறி எழுதிய தீர்ப்பு அது. அதே மாதத்தில் தமிழக அரசு, தன் மாணவர் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டப்படும் என அறிவித்தது. நல்ல பெயர், வரவேற்கிறோம். பெயர்ப்பலகைக்கு உள்ளே, பரிவும் பயிற்சியும் உள்ள காப்பாளர் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதற்காக, ஏற்கெனவே வகுப்புச் சுமையால் களைத்த பேராசிரியர் ஒருவரின் பெயரை 'ஆலோசகர்' என்று பலகையில் எழுதிவைத்துக் கணக்கு காட்டுகிற கல்லூரி எதுவாயினும், அது மாணவனையும் ஏய்க்கிறது, அந்தப் பேராசிரியரையும் வதைக்கிறது.

ஆகவே, கிளைத் தோழர்களே! கல்லூரி திறக்கும் நாளில், உங்கள் ஊர்ப் பிள்ளையை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிவிடாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து, மரியாதையாக அலுவலகத்துக்குச் சென்று கேளுங்கள்: இங்கே மாணவர் ஆலோசகர் யார்? என்ன படித்தவர்? எந்த அறையில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார்? நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா? பதிலை எழுதி வாங்குங்கள். "நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, எட்டுப் பேராகப் போய் நில்லுங்கள்.