காக்கைக்கு இட்ட சோறும் கல்லூரிக் குறிப்பேடும்

கவிதை வகுப்பு என்ற ஒன்று நம் கல்லூரிகளில் நடைபெறுவதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பாடத்திட்டத்தில் அதற்கு இடமுண்டு. கால அட்டவணையில் அதற்கு மணி உண்டு. தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. கவிதை மட்டும் இல்லை. இவ்வாறு கூறுவது சிலருக்குச் சினமூட்டும் என்பதை அறிவேன். ஆயினும், மூன்று தலைமுறைகளாகத் திருவனந்தபுரத்தில் தமிழ் பேசி வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையிலும், இந்நகரத்துக் கல்லூரியொன்றில் தமிழ்க் கவிதையைப் பாடமாகக் கற்றுத் தேறியவன் என்ற முறையிலும், கண்டதைக் கண்டவாறு எழுதாமல் வாளாவிருத்தல் முறையன்று.

எங்கள் வகுப்பில் ஒரு நாள் குறுந்தொகையின் 210ஆம் பாடல் நடத்தப்பெற்றது. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். பாட்டு ஆறே அடிகள். ஆசிரியர் வந்தார்; மஞ்சளேறிய குறிப்பேட்டைத் திறந்தார்; திணை முல்லை என்றார்; கூற்று தோழி கூற்று என்றார்; துறையைச் சொன்னார்; அருஞ்சொற்பொருளை அடுக்கினார்; காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற பண்டைய நம்பிக்கை இப்பாடலால் புலனாகிறது என்று முடித்தார். நாங்கள் எழுதிக்கொண்டோம். அருகிலிருந்த நண்பர், வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் மலையாளமே கற்றவர். அத்தனையையும் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். மணி அடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பாட்டின் ஆறு அடிகளையும் ஒருவரும் ஒருமுறையேனும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் என் பாட்டி கொல்லைப்புறத்து மதிலில் ஒரு பிடிச் சோறு வைத்து, “யாரு வரப் போறாளோ, காலையிலேருந்து கத்திண்டே இருக்கு” என்று காக்கையைப் பார்த்துச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் “பண்டைய நம்பிக்கை” என்று எழுதி அடிக்கோடிட்டது, மாலையில் எங்கள் கொல்லையில் கைவீசி நடந்துகொண்டிருந்தது! அதன் பின்னரே பாடலைத் தனியே எடுத்து, எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தேன்.

அப்பாடலில் நிகழ்வதென்ன? நெடுநாள் பிரிந்திருந்த தலைவன் திரும்பி வருகிறான். தன் மனையாளை நன்கு ஆற்றியிருக்கச் செய்தாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். தோழி அப்பாராட்டை ஏற்க மறுக்கிறாள். ஆற்றியது நானல்லேன், நீ வருவாய் என்று கரைந்துகொண்டே இருந்ததே, அந்தக் காக்கைதான் என்கிறாள். நள்ளியின் காட்டு ஆயர்தம் பசுக்கள் தந்த நெய்யைப் பெய்து, தொண்டியில் விளைந்த வெண்ணெற் சோற்றை ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும் அதற்கு அது சிறிதே என்கிறாள். அந்தப் பணிவுக்குள் ஒரு முள் இருக்கிறது. என் தோழியின் தோள் மெலிந்து போனதே, அது யாரால்? ஒரு பறவையின் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் உயிர் வாழ வேண்டியிருந்ததே, அது எதனால்? இவற்றை அவள் கேட்கவில்லை. காக்கைக்கு நன்றி சொல்கிறாள், அவ்வளவே. தலைவனின் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதைப் பாட்டு நமக்கு விட்டுவிடுகிறது. பொருள் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்தவர்களும், வந்தவர்களுக்காகக் காத்திருந்தவர்களும் நிறைந்த நம் குடும்பங்களில் இப்பாட்டு புரியாத வீடு ஒன்றேனும் உண்டோ? எங்கள் வகுப்பில் அது எவருக்கும் புரியவில்லை. தேர்வில் மட்டும் அனைவரும் தேறினோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். திணையும் துறையும் வீண் என்று நான் கூறவில்லை. துறைக் குறிப்பு என்பது யாது? யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்பதைச் சொல்லும் ஒற்றை வாக்கியம். நாடகத்தில் திரை விலகுமுன் காட்சியை அமைத்துத் தரும் குறிப்பைப் போன்றது அது. பாட்டுக்குள் நுழைவதற்குப் பழையோர் வைத்த வாயில் அது. நம் வகுப்புகள் அவ்வாயிலையே மதிலாக்கிவிட்டன. வாயிலின் நீள அகலங்களை மனப்பாடம் செய்தவனுக்கு முழு மதிப்பெண். உள்ளே போய் வந்தவனுக்கு அதைச் சொல்லத் தேர்வுத்தாளில் இடமே இல்லை. என் குறை இதுதான்.

ஆசிரியரைப் பழிப்பதும் என் நோக்கமன்று. அவரும் அவ்வாறே கற்பிக்கப்பெற்றவர். குறித்த நாளுக்குள் குறித்த பாடல்களை முடிக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. ஆனால் அந்தக் குறிப்பேடு இன்னும் ஓய்வு பெறவில்லை என்பதுதான் வருத்தத்திற்குரியது. இன்று கல்லூரியில் பயிலும் என் பெயர்த்தியின் கைப்பேசியில் அது உலவுகிறது. தாள் போயிற்று; திரை வந்தது; திணை, கூற்று, துறை, நயம் நான்கு என்ற வரிசை மட்டும் மாறவில்லை. “நயம்” என்ற தலைப்பின் கீழ் எந்தப் பாடலுக்கும் பொருந்தும் அதே நான்கு வாக்கியங்கள்! பாட்டைப் படிக்காமலேயே பாட்டின் நயம் எழுத இயலும் என்பதை உலகிற்குக் கற்பித்த பெருமை நமக்கே உரியது.

இனி, இந்நகரத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1891இல் ‘மனோன்மணீயம்’ வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவர் கற்பித்தது தமிழன்று, தத்துவம். அந்நூலின் பாயிரத்திலுள்ள வாழ்த்துப் பாடலின் பகுதியை 1970இல் தமிழ்நாட்டரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. தமிழ் நூற்பதிப்பிலும் ஆராய்ச்சியிலும் பெரும்பெயர் பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளை, முன்னர் இந்நகரில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். புதுக்கவிதையில் தனித்தடம் பதித்த நகுலன், அதாவது டி. கே. துரைசாமி, இங்கே மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1968இல் ‘குருக்ஷேத்திரம்’ என்ற தொகுப்பை இந்நகரிலிருந்து கொண்டுவந்தவர். நீல. பத்மநாபன் மின்சாரத் துறைப் பொறியாளர். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவர். தத்துவ வகுப்பிலும், நீதிமன்றத்திலும், ஆங்கில வகுப்பிலும், மின்வாரியத்திலும், கடைத்தெருவிலும் இந்நகரத்துத் தமிழ் தழைத்திருக்கிறது. தமிழ் வகுப்பில் மட்டும் அது ஏன் வாடவேண்டும்?

இன்னோர் எடுத்துக்காட்டும் நினைவுக்கு வருகிறது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜன், நம் அண்டையிலுள்ள கொல்லத்தில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் பழந்தமிழை எந்தக் கல்லூரி வகுப்பிலும் கற்றவரல்லர். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடிச் சென்றபோது, உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு அவர் கையில் அகப்பட்டது. அதிலிருந்து பிறந்தது 1967இல் வெளிவந்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு. உலகம் சங்கக் கவிதையைக் கவிதையாகப் படித்தது. அதே பதிப்பு நம் கல்லூரி நூலகங்களிலும் உறங்கியிருக்கும். வேறுபாடு நூலில் இல்லை. அவர் கவிதையைத் தேடும் கண்ணோடு படித்தார்; நாம் வினாவைத் தேடும் கண்ணோடு படித்தோம்.

எனக்கு மறுப்புரைப்பார் பலர் உளர். அவர்தம் வாதங்கள் மூன்று.

பழந்தமிழ் கடினம், குறிப்பின்றி மாணவர்க்கு விளங்காது என்பது முதல் வாதம். குறிப்பு வேண்டாம் என்று யார் சொன்னார்? உ. வே. சா. உரை எழுதாவிடில் குறுந்தொகை நமக்கு ஏது? 1962இல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு எத்தகைய உழைப்பு! இவையெல்லாம் பாட்டை நோக்கி நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவை. வகுப்புக் குறிப்போ பாட்டை நோக்கிப் போகவேண்டிய தேவையே இல்லாமற் செய்வது. ஊன்றுகோலுக்கும் விலங்குக்கும் வேறுபாடு இல்லையா?

மாணவர் சிலரே, அவரும் மதிப்பெண்ணுக்காக வருபவரே என்பது இரண்டாம் வாதம். சிலரே என்பது உண்மைதான். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், இந்நகரத் தமிழர் முன்னினும் சிறிய சிறுபான்மையினராயினர். ஆனால் அதனாலேயே இவ்வகுப்பின் பொறுப்பு பெருகுகிறது. மதுரையில் ஒரு மாணவன் வகுப்பில் தமிழை இழந்தால் தெருவில் பெற்றுக்கொள்வான். நம் பிள்ளைக்குத் தெரு மலையாளம், அலுவலகம் ஆங்கிலம். அவன் வாழ்நாளில் தமிழ்க் கவிதையை எதிர்ப்படும் கடைசி இடம் அந்த வகுப்பறையாகவே இருக்கலாம். அங்கும் அவனுக்குக் கிடைப்பது குறிப்பேடுதான் என்றால், அதன்பின் அவன் தன் பிள்ளைக்கு எதைக் கொடுப்பான்?

இலக்கணம் கற்பிக்கலாம், சுவையைக் கற்பிக்க இயலாது என்பது மூன்றாம் வாதம். இது கேட்பதற்கு அழகியது. ஆனால் சோம்பலுக்கு இட்ட திரை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவரிடம் கொடுத்து, தோன்றியதை எழுதித் தருமாறு கேட்டார். நன்கு படித்த மாணவர்களே நேர்ப்பொருளைக்கூடத் தவறவிட்டதை 1929இல் நூலாக்கிக் காட்டினார். சுவை கற்பிக்க இயலாதது என்று அவர் கைகழுவவில்லை. மாணவர் எங்கே இடறுகின்றனர் என்று கண்டு, அங்கிருந்து தொடங்கினார். இவ்வளவு தொலைவு போவானேன்? திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு வட்டத்தொட்டியில் நடந்ததென்ன? ஒரு பாட்டை எடுத்துப் பலமுறை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, கேட்டவர் அனைவரையும் அதற்குள் இழுத்துக்கொண்டார். கம்பன் பாடல்களை அவர் களைந்ததும் திருத்தியதும் எனக்கு உடன்பாடன்று. ஆயினும் கவிதை முதலில் காதுக்குரியது என்று அவர் கண்டது உண்மை. நம் அண்டை வீட்டு மலையாளிச் சிறுவன் அட்சர சுலோகம் சொல்கிறான். தன் கவிஞரின் கவிதையை மேடையில் பாடக் கேட்டு வளர்கிறான். அவன் மொழிக்கு வாய்த்த காது நம் மொழிக்கு ஏன் வாய்க்கவில்லை?

ஆகவே நான் வேண்டுவன சில. வகுப்பு தொடங்கியதும் பாட்டை ஆசிரியர் இருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். பின்னர் ஒரு மாணவர் படிக்கட்டும். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. பத்துப் பாட்டை ஓட்டுவதைவிட நான்கு பாட்டில் நின்று நிலைக்கட்டும். நச்செள்ளையார் பாடிய தொண்டி சேரர் துறைமுகமா, கீழைக்கரைத் தொண்டியா என்று மாணவர் வாதிடட்டும். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் சேர மன்னனைப் பாடிய அதே புலவர் இவர் என்பதை அறிந்தால், தாம் வாழும் மண்ணில் பாடல்கள் நடமாடியதை உணர்வர். தேர்வுத்தாளில் வகுப்பில் நடத்தாத ஒரு சிறு பாடலைச் சொற்பொருளோடு அச்சிட்டு, இதைப் படித்து நீ உணர்ந்ததை எழுது என்று ஒரு வினாவேனும் கேட்கப்படட்டும். அன்றே குறிப்பேடு செல்லாக்காசாகும். சுந்தரம் பிள்ளையும் நகுலனும் வாழ்ந்த ஊரில் அவர்கள் கவிதையைப் படித்துப் பார்க்காமல் ஒரு தமிழ் மாணவன் பட்டம் பெறக்கூடாது.

கல்லூரிகள் மாறும்வரை நாம் காத்திருக்கவேண்டுமா? தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. ஆண்டுவிழாவில் பொன்னாடையும் பட்டிமன்றமும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு மாலை, ஒரு பாட்டு, ஒரு விளக்கைச் சுற்றிப் பத்துப் பேர் என்று நாம் கூடலாகாதா? வீட்டில் பெற்றோர் தம் பிள்ளையின் பாடநூலை எடுத்து, மதிப்பெண் எத்தனை என்று கேட்குமுன், அந்தப் பாட்டைக் கொஞ்சம் படித்துக் காட்டு என்று கேட்கலாகாதா?

என் பாட்டி குறுந்தொகை என்ற பெயரையே கேட்டதில்லை. ஆனால் அந்தப் பாட்டு அவள் கையில் இருந்தது. என் பெயர்த்திக்குக் குறுந்தொகையின் பெயரும் எண்ணும் திணையும் துறையும் தெரியும். காக்கைக்குச் சோறு வைக்க எங்கள் அடுக்குமாடி வீட்டில் மதில்தான் இல்லை. சென்ற திங்களில் அவளை அருகில் இருத்தி, அந்த ஆறு அடிகளை மெல்லப் படித்தேன். முடித்ததும் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “தாத்தா, அவ அவனைத் திட்டறாளோ?” என்று கேட்டாள்.

இந்த ஒரு கேள்விக்காகவே கவிதை வகுப்பு ஏற்பட்டது. அதைக் கேட்க விடாத வகுப்பு எத்தனை பட்டதாரிகளை உண்டாக்கினாலும், கவிதை வகுப்பு ஆகாது.