முதற்பொருளும் நகராட்சியும்

குறிஞ்சித் திணையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் ‘முதற்பொருள்’ என்ற சொல்லில் நாம் சற்று நேரம் நிற்பதுண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் என்னும் கருப்பொருள் எல்லாம் அவற்றின் பின்னர் வருவன. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பெரும்பொழுதுகள். நிலம் மயங்காது, பொழுது மயங்கலாம் என்று உரையாசிரியர்கள் இடம் தந்தனர். ஆனால் அது கவிஞனுக்குத் தந்த சலுகை. வானமே மயங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. கோடைக்கானலின் நாயுடுபுரத்தில் நின்றால் அந்தக் கேள்வி எழாமல் இராது.

ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணி பெரும்பாலும் காணாத பகுதி அது. காலநிலை மாற்றம் அங்கே மாநாட்டுச் சொல் அன்று. மழை பிந்தினால் குடத்தின் முன் காத்திருப்பு நீள்கிறது. மழை ஒரேயடியாய்க் கொட்டினால் சரிவில் உள்ள வீட்டின் பின்சுவர் அச்சம் தருகிறது.

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2021இல் அறிவிக்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியரை இயக்குநராகவும் மாவட்ட வன அலுவலரைக் காலநிலை அலுவலராகவும் கொண்ட அமைப்புகள் பின்னர் வந்தன. சென்னை மாநகருக்கான காலநிலைச் செயல்திட்டம் 2023இல் வெளியாயிற்று. இவை வரவேற்கத் தக்கவை. எனினும் ஓடையையும் சரிவையும் பெயர் சொல்லி அறிந்தது ஊராட்சியும் நகராட்சியுமே. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடனும் சொந்த நிதியும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. வயநாட்டின் மீனங்காடி ஊராட்சி 2016இல் கார்பன் சமநிலையைத் தன் இலக்காக ஏற்றது. வெட்டாமல் காக்கும் மரத்தை ஈடாகக் கொண்டு, மரத்துக்கு ஆண்டொன்றுக்கு 50 ரூபாய் வீதம் உழவருக்கு வட்டியில்லாக் கடன் தரும் முறையைப் பின்னர் வகுத்தது. சிற்றூர் மன்றங்களால் இயலும் என்பதற்கு இவை சான்று.

அப்படியானால் மீனங்காடியின் திட்டத்தைப் படியெடுத்துக் கோடைக்கானல் நகராட்சியும் ஒரு தீர்மானம் போட்டுவிடலாமே என்று தோன்றும். நாம் மறுப்பது அதைத்தான்.

பழனி மலையின் உச்சிப் பகுதிகள் முழுக்கக் காடாக இருந்தவை அல்ல. மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல்வெளி என்பதே அதன் இயல்பு. குறிஞ்சி பூப்பதும் அந்தப் புற்சரிவுகளில்தான். அவற்றைத் தரிசு என்று எண்ணி, தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைகளின் மரக்கூழுக்குமாகச் சீகையும் யூகலிப்டஸும் பைனும் நட்டனர். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் காட்டியது. மழைநீரை மெல்ல உள்வாங்கி ஓடைக்கு விடுவது புல்; தன் வேர்மண்ணில் கரியைச் சேர்த்து வைப்பதும் புல். அந்த இடத்தில் நின்ற அயல்மரமோ நீரை மிகுதியாக உறிஞ்சியது.

இன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த முயல்கிறது. சமவெளிக்கு நல்ல நோக்கம். அதே அளவுகோலைப் புல்முகட்டில் வைத்தால், மருந்தின் பெயரால் நோயைக் கொடுத்தவர் ஆவோம். அயல்மரம் அனைத்தையும் ஒரே மூச்சில் வெட்டு என்பதும் தீர்வன்று. பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தலைகாட்டும் இடங்களும் உண்டு. இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

புல்வெளி வனத்துறையின் கையில் உள்ளது. நகராட்சி என்ன செய்யும் என்று கேட்கலாம். கட்டட அனுமதி, குடிநீர், குப்பை, கழிவுநீர் ஆகியவை அதன் கையில் உள்ளன. ஊரின் சார்பில் பேசும் உரிமையும் உள்ளது. ஆனால் அந்த உரிமை பயன்பட்டதா? இம்மலைக்கு எத்தனை வாகனம் தகும் என்ற கேள்வியை 2024 மே மாதம் இ-பாஸ் முறையாலும், 2025 கோடையில் வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்ற எண்ணிக்கையாலும் எதிர்கொண்டது சென்னை உயர் நீதிமன்றம். ஊர்மன்றம் தானே எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி அது. சுற்றுலாவை நம்பிப் பிழைப்போரின் கவலை மெய்யானது. அதனாலேயே அந்த எண்ணை அவர்களையும் வைத்துக்கொண்டு ஊரில் பேசியிருக்க வேண்டும்.

ஆகவே 24 வார்டுகள் கொண்ட இந்நகராட்சிக்கு ஒரு காலநிலைத் திட்டம் எழுதப்படுமானால், முதல் பக்கத்தில் மரக்கன்றுகளின் எண்ணிக்கை வேண்டா. எந்த ஓடை எந்த மாதம் வற்றுகிறது, எந்தச் சரிவில் இனிக் கட்டக் கூடாது, நீரும் சாலையும் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கு வேண்டும். சூரியனை நூறாண்டுக்கும் மேலாகப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வகம் இந்த மலையில்தான் உள்ளது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை நம் ஓடைகளுக்கும் தரலாகாதா?

நிலத்தையும் பொழுதையும் அறியாமல் திணையைப் பாட இயலாது என்பது நம் இலக்கணம். அவற்றை அறியாமல் திட்டம் எழுதவும் இயலாது. குறிஞ்சி 2018இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்த பூப்பு 2030. அப்போது அது பூக்கப் புல் மிச்சமிருக்குமா என்பதே எந்தத் தீர்மானத்துக்கும் நாம் வைக்க விரும்பும் தேர்வு.