உலைக்களம் பேசட்டும்!

மேடையேறி முழங்குகிறோம், ஐயாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் மண்ணில் இரும்பு இருந்தது என்று. கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. நன்று! கூட்டம் கலைந்தபின் தேநீர்க் கடையில் மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர், "இரும்பிலே தேதியா பொறித்திருக்கிறது?" என்று கேட்டால், தோழரே, உமது விடை என்ன?

2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' நூல், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்றது. எதை அளந்தார்கள்? இரும்பையா? அன்று! இரும்புப் பொருள்கள் கிடைத்த ஈமத்தாழிகளின் கரியை, பானை ஓட்டை.

கரி பேசுமா? பேசும்! மரம் உயிரோடிருக்கையில் காற்றிலிருந்து கரிமம்-14 வரவாகிறது. மரம் பட்டால் வரவு நின்றது, செலவுதான் மிச்சம். 5730 ஆண்டில் பாதி போய்விடும். மீதியை எண்ணிக் காலத்தைக் கணிக்கிறார்கள். ஆனால் அது மரம் வளர்ந்த காலம். கொல்லன் சம்மட்டி ஓங்கிய காலம் அன்று. முந்நூறு ஆண்டு மரத்தின் வயிரத்தை எரித்திருந்தால் கணக்கும் முந்நூறு ஆண்டு முன்னே ஓடும். நெல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஓராண்டுப் பயிர். அதே சிவகளைத் தாழியொன்றின் நெல் கி.மு. 1155 என்றது. முரணா? ஒரே இடுகாட்டில் பல தலைமுறை புதைத்திருக்கலாம். அதனால்தான் தாழிக்குத் தாழி தனியே கேட்க வேண்டும்.

தாழியைவிடத் தெளிவாகப் பேசுவது உலைக்களம். கிட்டத்துக்குள் சிக்கிய கரி, அந்த உலையில் எரிந்த கரியேதான். உலைச் சுவரின் மணல் பரல்களோ, நெருப்பில் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டு, மண்ணின் கதிர்வீச்சை அன்று முதல் புதிதாகச் சேமிக்கின்றன. ஆய்வகத்தில் அது ஒளியாக வெளிப்படும்; ஒளியை அளந்தால் உலை கடைசியாக எரிந்த காலம் வரும். கரியிட்டு உருக்கிய இரும்பிலும் அக்கரியின் கரிமம் சிறிது தங்கும். துரு தின்னாத வாள்துண்டு கிடைத்தால் அதையே சோதிக்கலாம்.

கொடுமணலில் உலை கண்டோம். சிவகளைத் தாழிகளின் வயதுக்கு ஈடான உலை வேண்டும். அதைத் தேடப் பணமும் ஆளும் ஒதுக்கு என்று அரசைக் கேட்போம், அது எவருடைய அரசாயினும்!

கிணறு வெட்டும் தோழரே, சாலை போடும் தோழரே! மண்ணுக்குள் கிட்டக் குவியலைக் கண்டால் லாரியில் அள்ளிவிடாதீர். கரியைக் கையால் பொறுக்காதீர். ஓட்டைப் பெயர்த்து வெயிலில் வைக்காதீர், சேமித்த ஒளி கரைந்துவிடும். மூடிவிட்டுத் தொல்லியல் துறைக்கு ஆளனுப்புங்கள்.